தார்ப்பாய்க்குள் கிடந்த கார்: சாவி கடைசியில்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையைச் சுற்றியுள்ள தோப்புகளிலும் பழைய மில் குடோன்களிலும் தார்ப்பாய் போர்த்திய கார்கள் இன்னும் கிடக்கின்றன. பெரும்பாலும் அம்பாசிடர், பியட். அபூர்வமாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு தட்டுப்படும். இரண்டு கதவு, மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட், குட்டை உடம்பு. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டை மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி 1960-களில் தயாரித்தது. அதே ஹெரால்டின் அடித்தளத்தைக் குட்டையாக்கி இரண்டு பேர் உட்காரும் திறந்த காராகச் செய்ததுதான் 1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலோட்டி. எஞ்சினும் ஒரே குடும்பம்: ஹெரால்டில் 948 சி.சி., முதல் ஸ்பிட்ஃபயரில் 1147 சி.சி. ஆகவே நெடுநாள் நின்ற எஞ்சினைச் சோதித்துக் கிளப்புவது பற்றிய இன்றைய பேச்சு அக்காள் தங்கை இருவருக்கும் பொருந்தும்.

இப்படி ஒரு வண்டி கைக்கு வந்தால் நம் ஊரில் இரண்டில் ஒன்று நடக்கும். நேராக டிங்கரிங், பெயின்ட் என்று பணத்தைக் கொட்டுவார்கள். பிறகுதான் எஞ்சின் கதை தெரியும். அல்லது புது பேட்டரியை மாட்டி அன்றைக்கே செல்ஃப் அடிப்பார்கள். இரண்டாவது இன்னும் மோசம். 15 வருஷம் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் இருக்காது, பேரிங்குகள் காய்ந்திருக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் சில சிலிண்டர்களின் வால்வு திறந்தே இருக்கும். அதன் வழியாக ஐப்பசி மழைக்காலத்து ஈரம் உள்ளே போய் அந்தச் சிலிண்டர்களில் துரு பிடித்திருக்கும். மற்றவை பளபளவென்று இருக்கும். செல்ஃப் மோட்டாரின் முரட்டு பலம் துருவில் ஒட்டிய பிஸ்டன் ரிங்கை உடைத்துவிடும்.

அதனால் சாவியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். பேட்டரி இல்லாமலே முதல் வேலை. நான்கு பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டர் என்று எண் எழுதி வரிசையாக வையுங்கள். துருப்பொடி ஒட்டியது எது, எண்ணெய்க் கரி பிடித்தது எது என்று அப்போதே தெரியும். ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் இரண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி, துரு இளக்கும் எண்ணெய் ஊற்றுங்கள். நம் பட்டறைகளில் டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றுவார்கள். அதுவும் வேலை செய்யும், நாள் கொஞ்சம் கூடப் பிடிக்கும். குறைந்தது இரண்டு நாள் ஊறட்டும். பிறகு எஞ்சின் முன்பக்கக் கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளக் கைப்பிடி ஸ்பானரைப் போட்டு, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் மெல்லத் திருப்புங்கள். நகர்ந்தால் ஒரேயடியாகச் சுற்றாமல் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். நகராவிட்டால் இன்னொரு வாரம் ஊறவிடுங்கள். கியரில் போட்டு நாலு பேர் தள்ளுகிற வித்தை மட்டும் வேண்டாம். கனெக்டிங் ராடு வளைந்தால் வெளியே தெரியாது.

எஞ்சினைச் சுற்றும்போதே மேல்மூடியைக் கழற்றி, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைப் பாருங்கள். எட்டு வால்வும் இறங்கி ஏறுகின்றனவா? ஒன்று இறங்கிய இடத்திலேயே நின்றால் அது தான் ஏறி இறங்கும் குழாயான கைடில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் புஷ் ராடு வளையும். ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 10 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.25 மில்லிமீட்டர். இதற்கு ஒன்பது கணக்கு என்ற சுலபவழி உண்டு. முன்னாலிருந்து எண்ணி, முதல் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

அடுத்தது ஆயில். எஞ்சினின் அடித்தொட்டியான சம்பின் நட்டை முழுக்கக் கழற்றாமல் மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. உள்ளே இருந்தால் முதலில் சொட்டுவது அதுதான். எண்ணெய் பால்காப்பி நிறத்தில் வந்தால் ஹெட் கேஸ்கட்டோ விரிசலோ இருக்கலாம். பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். புது ஆயில் 20 டபிள்யூ 50, பழைய எஞ்சினுக்கு ஏற்றதாக துத்தநாகச் சேர்மம் உள்ளதாகப் பாருங்கள். சுமார் 4 லிட்டர் பிடிக்கும், ஆனால் ஆயில் அளவுக் குச்சியின் கோடுதான் கணக்கு.

இந்த எஞ்சின் குடும்பத்துக்கே ஒரு நோய் உண்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் முன்னோக்கித் தள்ளப்படும். அந்த அழுத்தத்தைத் தாங்க, பின்பக்க மெயின் பேரிங்கின் இரு பக்கத்திலும் அரைவட்டத் திரஸ்ட் வாஷர் ஒவ்வொன்று வைத்திருப்பார்கள். அது தேய்ந்து மெலிந்தால் நழுவி சம்பில் விழுந்துவிடும். அதன்பின் கிராங்க் நேரே பிளாக்கையே அரைக்கும். அப்படி அரைபட்ட பிளாக்கைச் சரிக்கட்டுவது பெரிய செலவு. பெரும்பாலும் காயலான் கடைதான். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம். ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விடட்டும். நீங்கள் முன்பக்கப் புல்லியில் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். நகர்வு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 0.3-ஐத் தாண்டினால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் சம்பைக் கழற்றுங்கள். கண்ணுக்கே நகர்வு தெரிந்தால் கேஜே வேண்டாம். எஞ்சினை இறக்காமலே பின்பக்கப் பேரிங் மூடியைக் கழற்றி வாஷர் மாற்றலாம். தடிமன் கூடிய அளவுகளும் உண்டு. பள்ளம் வெட்டிய முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சில நூறு கிலோமீட்டரில் வேலை முடிந்துவிடும். இதே காரணத்தால், முதல் தடவை கிளப்பும்போது கிளட்சில் கால் வைக்கவே கூடாது. நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள்.

இனி பேட்டரி. மாட்டும் முன் ஒரு நிமிஷம்: அந்தக் கால வண்டிகளில் பல, பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகும் வகை. இன்றைய பழக்கத்தில் நெகட்டிவைப் பாடியில் மாட்டினால் சிக்கல் வரும். பழைய வயரைப் பார்த்து உறுதி செய்யுங்கள். எலி கடித்த வயரைத் தேடுங்கள். வைக்கோல் போட்ட கொட்டகையில் கிடந்த வண்டி என்றால் நிச்சயம் இருக்கும். பிளக்குகள் வெளியிலேயே இருக்கட்டும். காயில் வயரைக் கழற்றிவிட்டுச் செல்ஃபைப் பத்துப் பத்து விநாடியாக, இடையில் அரை நிமிஷம் ஓய்வு கொடுத்து அடியுங்கள். ஆயில் அழுத்த மீட்டரின் முள் எழும்பும் வரை இதுதான் வேலை (வண்டியில் விளக்கு மட்டும் இருந்தால் சோதனைக்கு ஒரு மீட்டரை மாட்டிக்கொள்ளுங்கள்). முள் எழவில்லை என்றால் பம்பு வறண்டிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பிளக்கைத் திரும்ப மாட்டக்கூடாது.

முள் எழுந்தால் பிளக் ஓட்டையில் கேஜ் வைத்துக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம், பார்க்கலாம். ஆக்சிலேட்டர் முழுக்க அழுத்தியிருக்க வேண்டும். ஸ்பிட்ஃபயரின் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் என்றால் உள்ளே இருக்கும் பிஸ்டன்களையும் மேலே தூக்கி நிறுத்த வேண்டும். பலர் இதை மறந்து குறைந்த அளவைப் பார்த்து பயந்துபோவார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை. சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டுக்கு மேல், நான்குக்கும் இடையே பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் சந்தோஷம். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் குறை ரிங்கில். ஏறாவிட்டால் வால்வில். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நெடுநாள் நின்ற எஞ்சினின் முதல் அளவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ரிங்குகள் பள்ளத்தில் ஒட்டியிருக்கும். 20 நிமிஷம் சூடாக ஓடியபிறகு 90 காட்டிய சிலிண்டர் 130 காட்டுவது சாதாரணம். எஞ்சினை அவிழ்க்கச் சொல்கிற மெக்கானிக் இரண்டாவது அளவைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் காற்றுச் சோதனை. பழைய பிளக்கின் பீங்கானைத் தட்டி எடுத்து, கூட்டில் ஒரு காற்று நிப்பிளை பிரேசிங் செய்யச் சொன்னால் புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் முடியும். பங்க்சர் கடைக் கம்ப்ரசர் போதும். பிஸ்டன் மேல்முனையில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று எஞ்சினைச் சடாரென்று சுற்றும், ஸ்பானரும் கையும் பறக்கும். காற்றைக் கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

பெட்ரோல் பக்கம் வருவோம். டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அதை எஞ்சினுக்குள் விடவே கூடாது. சோதனைக்குத் தனியாக ஒரு லிட்டர் தகர டப்பாவில் புதுப் பெட்ரோல் போதும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் குழாயை ஊறவைத்துப் பிசுபிசுக்க வைக்கும், ஈரத்தை இழுத்து டாங்கின் அடியில் துருவைத் தொடங்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். டாங்கைக் கழற்றி ஒரு படி சிறு ஜல்லியும் டீசலும் போட்டுக் குலுக்கிக் கழுவலாம். டாங்கின் மூச்சுக்குழாயில் மண் குளவி கூடு கட்டியிருக்கும். இதை விட்டுவிட்டால் வண்டி பத்து நிமிஷம் ஓடி நின்று, மூடியைத் திறந்தால் மறுபடி ஓடும். எஸ்.யூ. கார்புரேட்டரில் ஜெட் நட்டை மேலே முட்டும்வரை ஏற்றி, இரண்டு முழுச் சுற்று இறக்கினால் கிளப்புவதற்குப் போதுமான கலவை கிடைக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்டின் இடைவெளி 15 தவ், பிளக்கின் இடைவெளி 25 தவ். பாயின்டின் முகத்தைச் சுத்தமான துணியால் துடைத்தாலே பாதிப் பேருக்குப் பொறி வந்துவிடும்.

தண்ணீருக்கு மட்டும் நம் ஊர் விசேஷம். போர்வெல் உப்புத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியதால் பிளாக்கின் பின் சிலிண்டர்களைச் சுற்றிச் சுண்ணாம்பு கெட்டிப்பட்டிருக்கும். வடிகால் குழாயைத் திறந்தால் ஒன்றும் வராது. ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் சேறாகக் கொட்டும். எதிர்த்திசையில் நீர் பாய்ச்சிக் கழுவிவிட்டு, கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதி ஊற்றுங்கள். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது சித்திரை வெயிலுக்கு மருந்து என்று பலர் நம்புகிறார்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் ஆயிலில் ஈரம் சேர்வதுதான் மிச்சம்.

இப்போது சாவி. பக்கத்தில் மணல் வாளியும் தீயணைப்பானும் இருக்கட்டும். எஞ்சின் பிடித்ததும் முதல் அரை நிமிஷம் ஆயில் மீட்டரை மட்டும் பாருங்கள். முள் எழாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஊற்றிய எண்ணெய் எரிவதால் முதல் பத்து நிமிஷம் நீலப்புகை கொட்டும். பயப்பட வேண்டாம், அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கு மேலும் நீலம் நின்றால் ரிங் அல்லது வால்வு கைடு. இனிப்பு வாடையோடு வெண்புகை என்றால் கூலன்ட் எரிகிறது. நன்றாகச் சூடான பிறகு 2000 சுற்றில் ஆயில் அழுத்தம் 40 முதல் 60 பவுண்டு நிற்க வேண்டும். அடியில் கனமாகத் தட்டும் சத்தம் கேட்டால், கைப்பிடி ரப்பராலான இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எந்தச் சிலிண்டரைக் கழற்றும்போது சத்தம் குறைகிறதோ அங்கே பிக் எண்ட் பேரிங், அதாவது கனெக்டிங் ராடின் கீழ்முனைப் பேரிங், தேய்ந்திருக்கிறது.

எஞ்சின் தேறாவிட்டால் மாருதி எஞ்சினைத் திணித்துவிடலாம் என்ற யோசனை வரும். 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு பெறலாம்: புதிதாக 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லுபடி, புதுப்பிக்க 5,000. ஆனால் சேஸிஸும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தின் எஞ்சின் எண்ணைப் பிளாக்கோடு ஒப்பிடுவதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

சாலைக்குப் போகும்முன் முன்சக்கரத் திருப்பு மூட்டின் அடியில் இருக்கும் டிரன்னியனைக் கவனியுங்கள். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான். கிரீஸ் கீழ் மரைவரை இறங்காது, மரை துருப்பிடித்து முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ரிங் ரோட்டில் 50 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, குளிரவிட்டு, ஹெட் நட்டுகளையும் வால்வு இடைவெளியையும் மறுபடி பார்க்க வேண்டும். 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து, வடித்த எண்ணெயில் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். மாவு போல ஒட்டினால் சரி. செதில் செதிலாக வந்தால் பெயின்ட் கடைக்குக் கொடுக்க வைத்திருந்த பணம் லேத் பட்டறைக்குப் போகட்டும்.

வணக்கம்.