நாய் குரைத்தது, சண்டை வந்தது, ஒரு காலையில் சங்கிலி மட்டும் கிடந்தது

[இருட்டு. தூரத்தில் ஒரே ஒரு தெருவிளக்கு. நாய் குரைக்கும் சத்தம் மட்டும்.]

இரவு 2 மணி. கோத்தகிரிப் பக்கம், எங்கள் வீட்டுக்கு மேல் வீடு. வாசலில் பேரிக்காய் மரத்தில் கட்டிய நாய் விடாமல் குரைக்கிறது. நான் ஜன்னலைத் திறந்து கத்தினேன். "அண்ணே, நாயை அடக்குங்க! காலையில பிள்ளைக்குப் பரீட்சை!" அவரும் விடவில்லை. "நாய்னா குரைக்கத்தான் செய்யும்!"

மூன்று மாதம் இதே கதை. பேச்சு நின்றது. பொங்கலுக்கு வரும் தட்டும் நின்றது. அப்புறம் ஒரு காலையில் பார்த்தால், மரத்தடியில் சங்கிலியும் அறுந்த கழுத்துப் பட்டையும் மட்டும் கிடந்தன. சிறுத்தை.

அந்த நாய் எதைப் பார்த்துக் குரைத்தது என்று இரண்டு வீட்டிலும் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

[குன்னூர்ச் சரிவில் அடுக்கடுக்காக வீடுகள்.]

முதலில் ஒரு கேள்வி. கோவையில் பத்து நாய் குரைத்தாலும் தூங்கிவிடுகிறோம். மலையில் ஒரு நாய் போதும், தூக்கம் போய்விடுகிறது. ஏன்?

இந்தப் படத்தைப் பாருங்கள். மேல் வீட்டு வாசலும் கீழ் வீட்டுக் கூரையும் ஒரே மட்டம். நடுவில் இருக்கும் சுவர் எதையும் தடுப்பதில்லை. எதிர்ச்சரிவில் இருக்கும் ஹட்டிக்கும் (படகர் ஊர்) நமக்கும் நடுவில் வெறும் காற்றுதான். தேயிலைத் தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் லைன் வீடுகளைச் சொல்லவே வேண்டாம், பக்கத்து வீட்டு இருமலே நம் தலைமாட்டில் கேட்கும்.

இதைவிட எனக்குப் பிடித்த காரணம் ஒன்று இருக்கிறது. பகலில் தரை சூடாக இருக்கும், மேலே போகப் போகக் குளிர்ச்சி. தெளிவான, காற்றடிக்காத இரவில் இது தலைகீழாகிவிடும். கனமான குளிர்காற்று பள்ளத்தில் வந்து தேங்கும், அதற்கு மேலே வெப்பமான காற்று நிற்கும். ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் ஜனவரியில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிறதே, மேட்டைவிடப் பள்ளத்தில் அதிகமாக? அதே குளிர்காற்றுதான்.

ஒலி வெப்பமான காற்றில் வேகமாகவும் குளிர்காற்றில் மெதுவாகவும் போகும். சப்பரம் தூக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து ஆட்கள் வேகமாக நடந்து, மறுபக்கத்து ஆட்கள் மெதுவாக நடந்தால் சப்பரம் எந்தப் பக்கம் திரும்பும்? மெதுவான பக்கம். ஒலியும் அப்படித்தான். மேல்பகுதி முந்துகிறது, கீழ்பகுதி பின்தங்குகிறது, மொத்த ஒலியும் தரையைப் பார்த்து வளைகிறது. வானத்துக்குப் போயிருக்க வேண்டிய குரைப்பு, திரும்பி நம் ஜன்னலுக்கு வருகிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு அந்த நாய்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

கணக்கும் பார்த்துவிடலாம். குரைப்பு ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் (ஒலியின் அளவு) என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் 10 மீட்டரில் 70, 100 மீட்டரில் 50. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை வைத்திருக்கும் அளவு 45.

சரி, அப்படியானால் போலீசுக்குப் போகலாமா? அவசரப்படாதீர்கள். அந்த விதிகள் பெரும்பாலும் ஒலிபெருக்கி, ஹாரன், பட்டாசு பற்றித்தான் பேசுகின்றன. விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல், குரைப்பது நாயின் இயல்பு என்கிறது. கூடவே, இரவில் அமைதியாக வைத்திருக்க உரிமையாளர் முயல வேண்டும் என்றும் சொல்கிறது. (1962இல் தொடங்கிய அந்த வாரியத்தின் முதல் தலைவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர்தான்.)

நான் எல்லாரும் படிக்க வேண்டும் என்று நினைப்பது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவு. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பது அதன்படி குற்றம். முதல் தடவைக்கு அது விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு. இது போதாது என்று உரக்கவே சொல்கிறேன்.

கோபத்தில் சோற்றில் விஷம் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 325ஆவது பிரிவின்படி விலங்கைக் கொன்றால் 5 ஆண்டு வரை சிறை. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பேசித் தீரவில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

ஆனால் முதலில் நாயைப் பாருங்கள். பகல் முழுக்கக் கட்டு, இரவு முழுக்கப் பனி, நாலடிச் சங்கிலி. தேயிலைக்குள் காட்டெருமை நடமாட்டம், கரடி வாடை, சிறுத்தை. ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. அது வேறு என்ன செய்யும்? மலையில் வெளியே கட்டிய நாய் காவல் இல்லை, இரை. உள்ளே ஒரு சாக்கு விரித்துப் போடுங்கள். உங்கள் ஊரில் இது எப்படித் தீர்ந்தது என்று கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.

[அடுப்படி. சாக்கின்மேல் சுருண்டு படுத்திருக்கும் செவலை நாய்.]

இது மணி. மேல் வீட்டு அண்ணன் இரண்டாவதாக வளர்க்கும் நாய். வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நடை, இருட்டுவதற்குள் வீட்டுக்குள். போன வாரம் நடுராத்திரியில் ஒரே ஒரு தடவை குரைத்தது. அடுத்த நிமிடம் என் போன் அடித்தது. "தம்பி, கதவைத் திறக்காதீங்க. உங்க தோட்டத்துல கரடி நிக்குது."