பணியில் இருக்கும் நாய்க்கு வழிவிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

திருட்டு நடந்த மறுநாள் செய்தித்தாளில் தவறாமல் ஒரு வரி வரும். 'மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.' காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனம் வலிக்கும். நாய் ஏன் நின்றது என்று அதில் இருக்காது. பல நேரங்களில் அதை நிற்கவைத்தது மனிதர்களாகிய நாம்தான்.

பூட்டு உடைந்திருக்கிறது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். ஒருவர் பீரோவைத் திறந்து பார்க்கிறார். இன்னொருவர் கீழே கிடக்கும் துணிகளை மடித்து வைக்கிறார். நாய்க்கு முகரக் கொடுக்க வேண்டிய அந்தப் பூட்டு, நாய் வருவதற்குள் பலர் கைக்குப் போய்த் திரும்பியிருக்கும். எல்லாம் நல்லெண்ணத்தில்தான். ஆனால் திருடனின் வாடை எது, உங்கள் அத்தையின் வாடை எது என்று நாய் திணறிப் போகும். காவலர்கள் வரும்வரை வாசலோடு நில்லுங்கள். எதையும் தொடாதீர்கள். நாய் கிளம்பிய பிறகு செல்போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடாதீர்கள்.

வெயிலையும் நினைத்துப் பாருங்கள். நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். இரைக்க ஆரம்பித்துவிட்டால் மோப்பம் மட்டுப்பட்டுவிடும். சித்திரை மாதத்தில், கடலூர் முதுநகரிலோ முத்தியால்பேட்டையிலோ தார்ச்சாலையில் இறங்கும் நாய்க்கு நல்ல மோப்பத்தோடு வேலை செய்யக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அதைக் கூட்டம் தின்றுவிடக் கூடாது.

வெடிபொருள் தேடும் நாயின் வேலை இன்னும் நுணுக்கமானது. வீராம்பட்டினம் தேர் போன்ற பெருங்கூட்டத்தில் ஒரு பையை அது முகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் குரைக்காது, பிறாண்டாது. அந்தப் பையின் முன் அப்படியே உட்கார்ந்து, தன்னை நடத்திவரும் காவலரின் முகத்தைப் பார்க்கும். அவ்வளவுதான் அதன் அறிவிப்பு. அந்த நேரத்தில் டீக்கடைப் பக்கமிருந்து ஒருவர் 'ச்சூ ச்சூ' என்று கூப்பிட்டு ஒரு பொறையை நீட்டுகிறார். நாய் உட்கார்கிறது. பைக்காக உட்கார்ந்ததா, பொறைக்காக உட்கார்ந்ததா? அதை அந்தக் காவலர் எப்படி முடிவு செய்வார்? தீனி தன்னை நடத்துபவர் கையிலிருந்து மட்டுமே வரும் என்று பழக்கி வைத்திருப்பது இதற்காகத்தான். அன்பாகத் தருகிறோம் என்பது உண்மைதான், ஆனாலும் தராதீர்கள்.

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை நம் ஊரில் அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் 1916-இல் தொடங்கிய பயிற்சி, இன்று பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகள் நிறைய வரும் புதுச்சேரியில், கடற்கரைச் சாலையிலோ நேரு வீதியிலோ ஒரு நாள் அப்படி ஒரு நாய் உங்கள் எதிரே வரலாம். சிக்னல் பார்த்துச் சாலையைக் கடக்க வைப்பது நாய் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுப் 'போ' என்று சொல்பவர் நாயைப் பிடித்துவரும் அந்தப் பார்வையற்றவர்தான். அவர் சொன்ன பிறகும் வண்டி வருவது தெரிந்தால் நகர மறுத்து நிற்கும். அதற்காகவே பழக்கப்பட்ட நாய் அது. அந்த ஒரு நொடியில் நீங்கள் அதன் தலையைத் தடவினால் ஆபத்து அந்த மனிதருக்கு. உதவ நினைத்தால் நாயின் முதுகில் உள்ள கைப்பிடியைப் பிடித்து இழுக்காதீர்கள். 'ஐயா, உதவி வேண்டுமா?' என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

உணவகம் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்படி ஒரு நாயோடு யாராவது வந்தால், உடல் குறைபாட்டுக்காகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கியது என்று மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே விடலாம். அமெரிக்கச் சட்டத்தில் ஊழியர்கள் கேட்க அனுமதிக்கப்பட்டிருப்பதே ஏறக்குறைய இந்த இரண்டு கேள்விகளைத்தான். அது மேசைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். நாய் என்றால் பயப்படுபவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும். கல்லை எடுப்பதும் காலைத் தரையில் உதைப்பதும் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, நம் தெரு நாய்கள். வேற்று நாய் ஒன்று தெருவில் நுழைந்தால் நாலைந்து சேர்ந்து சூழ்ந்துகொள்ளும். பயிற்சி பெற்ற நாய் திருப்பிக் குரைக்காமல் இருக்கலாம். ஆனால் வேலை அங்கேயே நின்றுபோகும். அவற்றுக்குத் தினமும் சோறு வைக்கும் அம்மா ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். அவர் குரல் கொடுத்தால் அவை கேட்கும். அம்மா, அந்த நேரத்தில் நீங்கள் வாசலுக்கு வந்து உங்கள் பிள்ளைகளைத் திண்ணைப் பக்கம் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்த நாய் தெருமுனையைத் தாண்டும்வரை வைத்திருந்தால் போதும்.

வணக்கம்.