ஒரு சர்டைன் டப்பாவுக்காக நடந்த வழக்கு

எல்லாருக்கும் வணக்கம். கட்டாயமே இல்லாத ஒரு சர்வதேசத் தரத்துக்கு ஒரு நாடு ஏன் பணிய வேண்டும்? இதை விளக்க பெரு நாட்டு மீன் டப்பாவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1989-இல் ஐரோப்பிய சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) ஒரு விதி போட்டது. தங்கள் கடல்களில் கிடைக்கும் சர்டினா பில்கார்டஸ் மீனை அடைத்தால்தான் டப்பாவில் ‘சர்டைன்’ என்று எழுதலாம். பெருக்காரர்கள் பசிபிக்கில் பிடிப்பது சர்டினாப்ஸ் சாகாக்ஸ். நெருங்கிய இனம்தான், ஆனால் அந்தப் பெயரில் விற்க முடியாது. வாங்குகிறவர்களுக்குப் பழக்கமான பெயர் இல்லையென்றால் டப்பா எப்படி விலைபோகும்?

பெருவுக்குத் துணையாக இருந்தது கோடெக்ஸ் தரம். 1963-இல் தொடங்கிய கோடெக்ஸ் அமைப்பு உணவுத் தரங்களை எழுதுகிறது. நாட்டின் பெயரையோ கடற்பகுதியின் பெயரையோ சேர்த்து ‘பசிபிக் சர்டைன்’ என்பது போல எழுதலாம் என்கிறது அந்தத் தரம். நம்ம ஊர் மத்தியும் அந்தப் பட்டியலில் உண்டு! ஆனால் கோடெக்ஸ் சொல்வது வெறும் பரிந்துரை. மீறினால் அதனால் எதுவும் செய்ய முடியாது.

அதற்குப் பல் கொடுத்தது வேறொரு ஒப்பந்தம். 1995-இல் உலக வர்த்தக அமைப்போடு வந்த டிபிடி ஒப்பந்தத்தின் (வர்த்தகத்துக்கான தொழில்நுட்பத் தடைகள் பற்றியது) 2.4 பிரிவு, பொருத்தமான சர்வதேசத் தரம் இருந்தால் அதை அடிப்படையாக வைத்தே உள்நாட்டு விதி எழுத வேண்டும் என்கிறது. நோக்கத்துக்கு அது உதவாது என்றால்தான் விலக்கு. இதைக் காட்டி உலக வர்த்தக அமைப்பில் பெரு வழக்குத் தொடுத்தது. எங்கள் விதி 1995-க்கு முந்தையது, கோடெக்ஸ் தரமும் ஒருமனதாக ஏற்கப்பட்டதல்ல என்று ஐரோப்பிய தரப்பு வாதாடியது. இரண்டும் எடுபடவில்லை. 2002 செப்டம்பரில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு பெருவின் பக்கம் நின்றது. 2003-இல் ஐரோப்பா விதியைத் திருத்தியது.

சரி, பரிந்துரைக்கு இவ்வளவு பலம் வந்துவிட்டால் அதை எழுதும் இடத்தில் சண்டை வராமல் இருக்குமா? 2012-இல் ராக்டோபமைன் என்ற கால்நடை மருந்து இறைச்சியில் எவ்வளவு மிஞ்சலாம் என்ற எச்ச அளவு கோடெக்ஸில் 69-க்கு 67 என்ற வாக்கில்தான் நிறைவேறியது. இவ்வளவு நெருக்கமான வாக்கெடுப்பில் நிறைவேறிய அளவும் நாளைக்கு ஒரு வர்த்தக வழக்கில் ஆதாரமாக வரலாம். இது எனக்குக் கவலையாக இருக்கிறது. வளரும் நாடுகள் வழக்கறிஞர்களுக்குச் செலவழிப்பதற்கு முன்னால், இந்தக் கோடெக்ஸ் குழுக் கூட்டங்களுக்குத் தங்கள் உணவு விஞ்ஞானிகளைத் தவறாமல் அனுப்ப வேண்டும்.