மீட்டவன் கல்

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, இந்தப் பந்தலையும் பந்தலுக்குப் பின்னால் தயாராகிற சாப்பாட்டையும் ஏற்றுக்கொண்ட வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, போன ஆண்டு என் பேச்சில் பாதியில் எழுந்து போய், இந்த ஆண்டும் மறக்காமல் வந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். மன்றச் செயலாளருக்குத் தனி வணக்கம். அவர் எனக்குக் கொடுத்தது பதினைந்து நிமிடம். அதில் இரண்டு இப்போதே போய்விட்டது.

'மீட்பு' என்ற சொல்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் ரிக்கவரி. நோயிலிருந்து மீள்வது, கடனை வசூலிப்பது, களவு போனதைக் கைப்பற்றுவது, கணினியில் அழிந்துபோன கோப்பைத் திரும்ப எடுப்பது என்று நான்கு பொருளையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு கதை. நான் தமிழாசிரியராக இருந்தபோது எட்டாம் வகுப்பில், 'மீட்டு' என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். என் மனத்தில் இருந்தது வீணை. பிள்ளைகளும் அப்படியே 'வீணையை மீட்டு' என்று எழுதிவிட்டார்கள். வகுப்பில் ஒருவர்கூட வீணையை நேரில் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். கடைசி பெஞ்சுப் பையன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: 'ஆடிக்குள் சங்கிலியை மீட்டுத் தருவதாக அப்பா சொன்னார்.'

சிவப்பு மையை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். வீணையை மீட்டு என்பது ஏவல். நகையை மீட்டுத் தருவது என்பதில் 'மீட்டு' வினையெச்சம். வீணையை மீட்டினான், நகையை மீட்டான். இலக்கணப்படி அவன் எழுதியதில் ஒரு குற்றமும் இல்லை. முழு மதிப்பெண் போட்டுவிட்டு, "சங்கிலி வந்ததாடா?" என்று கேட்டேன். "இல்லை சார், ரிக்கவரி குறைஞ்சுபோச்சு" என்றான்.

எட்டாம் வகுப்புப் பையன் வாயில் ரிக்கவரி! விசாரித்தால், அவன் அப்பா ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். நூறு கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை இறங்குகிறது என்பதுதான் அவர்கள் வீட்டு ரிக்கவரி. பத்திரிகைக்காரர்கள் அதைச் சர்க்கரைக் கட்டுமானம் என்று எழுதுவார்கள். இன்றைக்கும் மத்திய அரசு விலை வைப்பது அந்தக் கணக்கில்தான். 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய், 9.5-ம் அதற்குக் கீழும் என்றால் 329 ரூபாய் 5 காசு. ஆலை கொடுக்கிற வெட்டு உத்தரவு தாமதமாகி, வெட்டிய கரும்பு வண்டியிலேயே காய்ந்தால் கட்டுமானம் இறங்கும். தாமதம் யாருடையதோ, நட்டம் விவசாயியுடையது.

அந்த ஆலையில் ரிக்கவரி குறைந்தது. இங்கே கடன் கொடுத்தவர் வீட்டுக்கு ரிக்கவரிக்கு வந்துவிட்டார். ஒரே சொல், இரண்டு வாசல். அப்போதெல்லாம் அவர்கள் எந்த நேரமும் வருவார்கள். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல்தான் சொன்னது. சங்கிலி கடைசிவரை வரவில்லை. பையன் அம்மா சொன்ன பழமொழியைத்தான் நான் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டு திரிகிறேன்: 'போன மாட்டைத் தேடுவாரும் இல்லை, மேய்த்த பேருக்குக் கூலியும் இல்லை.'

மாடு என்றதும் என் பேச்சு எங்கே போகும் என்று தலைமையாசிரியர் ஐயாவுக்குத் தெரியும். தயவுசெய்து உட்காருங்கள் ஐயா. தமிழனுக்கு மீட்பு என்றால் முதலில் மாடுதான். ஆநிரையைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. மீட்கப்போய் விழுந்தவனுக்குக் கல் நட்டார்கள், அதுதான் நடுகல். அதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று தொல்காப்பியம் படிப்படியாகச் சடங்கே சொல்கிறது. நம் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. எருமைகளுக்காகச் சண்டையிட்டு இறந்த வீரன், பக்கத்தில் அவன் நாய். நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாம். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு நாய்க்கும் கூலி கொடுத்த ஊர் இது!

இப்போது? 1972-இலேயே தொல்லியல் துறை நம் செங்கம் பக்கத்துக் கற்களைத் தொகுத்து 'செங்கம் நடுகற்கள்' என்று நூலே போட்டது. அதற்கப்புறமும் வயலிலும் வாய்க்காலிலும் எத்தனையோ கற்கள் கிடக்கின்றன. போன மாட்டைத் தேடப்போனவனையே தேடுவார் இல்லை. கற்களை அருங்காட்சியகத்துக்குத் தூக்கிப்போங்கள் என்று நான் கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கட்டும். எந்தக் கல், யார் வயலில், என்ன நிலையில் இருக்கிறது என்று பேரூராட்சியில் ஒரு பதிவேடு, பக்கத்தில் ஒரு படம். அவ்வளவுதான் மனு. வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் முதல் பந்தி.

செயலாளர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். நோய், களவு, கணினி மூன்றும் அடுத்த ஆண்டு.

ஒரே ஒரு செய்தி. ஏரிக்கரையில் இருக்கிற நடுகல்லில் துணி துவைக்கிறார்கள். வீரனின் முகம் பாதி தேய்ந்துவிட்டது. அங்கே துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கல்லைக் கேட்டேன். "வேற கல்லு போட்டுட்டு இதை எடுத்து நிறுத்திக்குங்க சார், நானா வேண்டாங்கிறேன்?" என்றார். துவைக்க ஒரு நல்ல கல், இறக்கிவைக்க ஒரு வண்டி, இவ்வளவுதான் தேவை. வணிகர் சங்கத்துப் பெரியவர் தலையாட்டுகிறார். செயலாளர் அதைக் குறித்துக்கொள்ளட்டும்.