ஷவருக்கு வேண்டியது உயரம்

நேயர்களுக்கு வணக்கம்.

புது வீடு கட்டியவர்களும், பழைய குளியலறையை இடித்துப் புதுப்பித்தவர்களும் என்னிடம் அடிக்கடி சொல்கிற குறை ஒன்று உண்டு. "சார், ஷவர் மாட்டியாச்சு, தண்ணியும் வருது. ஆனா குளிக்கிற மாதிரி வரலை." பாலிடெக்னிக்கில் சிவில் மாணவர்களுக்கு நீரியல் நடத்தியவன் நான். அதனால் இந்தக் குறை என்னிடம்தான் வந்து சேரும்.

பிளம்பரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஷவர் ஹெட்டைத் திருகிக் கழற்றிவிட்டு, வெறும் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் தடிமனாகக் கொட்டினால் கோளாறு ஹெட்டில் இருக்கிறது. அதன் கழுத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். புதிதாக வேலை நடந்த வீட்டில் குழாய் அறுத்த தூள், மணல், வெள்ளை டெஃப்லான் டேப்பின் துணுக்கு எல்லாம் அங்கேதான் வந்து அடைக்கும். கழுவி மாட்டுங்கள். சில ஹெட்டுகளில் தண்ணீர்ச் சிக்கனத்துக்காக, நடுவில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் வில்லையும் வைத்திருப்பார்கள். அழுத்தம் அதிகமுள்ள இடத்துக்கு அது சரி. மாடித் தொட்டித் தண்ணீருக்கு அது வேண்டாத தடை.

வெறும் குழாயிலும் நூல் போலத்தான் வருகிறதா? மாடிக்குப் போய், தொட்டியடியில் இருக்கும் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடித்த அவசரத்தில் பாதி திறந்து விட்டுப் போவது சகஜம்.

அதுவும் சரியாக இருக்கிறது என்றால், இனி நான் பேச வந்த விஷயத்துக்கு வரலாம். அதாவது உயரம். எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது, கேட்கிறவர்களுக்கு அலுக்கலாம். தண்ணீரின் அழுத்தம் தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்தது அல்ல. தொட்டியில் நிற்கும் நீர்மட்டம் உங்கள் ஷவரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஊருக்கு ஊர் மேல்நிலைத் தொட்டியைக் கால் நாட்டி உயரத்தில் கட்டியிருப்பது எதற்காக? தரையிலேயே பெரிதாகக் கட்டியிருந்தால் செலவு மிச்சமாகியிருக்குமே.

என் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. மேல் மாடிக் குளியலறையில், தலைக்கு மேல் மழை மாதிரி கொட்டும் பெரிய ஷவர் மாட்டியிருந்தார். தண்ணீர் சொட்டியது. உடனே ஆயிரம் லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு இரண்டாயிரம் லிட்டர் தொட்டி வாங்கி வைத்தார். ஷவர் முன்னைவிட மோசமாகிவிட்டது! "இரண்டு டன் தண்ணி மேல உட்கார்ந்து அழுத்துது, எப்படிய்யா குறையும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் டியூப் தெரியுமல்லவா? அதில் நீளமான ஒன்றை வாங்கி, ஒரு முனையை ஷவர் குழாயில் காற்றுப் போகாமல் மாட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாக மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தோம். கீழே குழாயைத் திறந்ததும் டியூபில் தண்ணீர் ஏறியது. ஏறி, தொட்டிக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில் நின்றுவிட்டது. விரல் தடிமன்கூட இல்லாத டியூப், அந்த இரண்டு டன் தண்ணீருக்குச் சரிக்குச் சரியாக நிற்கிறது. நண்பர் டியூபைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், பேசவில்லை. புதுத் தொட்டி குட்டையாக, அகலமாக இருந்தது. நீர்மட்டம் பழைய தொட்டியைவிட ஓர் அடிக்கு மேல் இறங்கியிருந்தது. போன அடி ஷவரில் தெரிந்தது.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போடலாம். குளியலறைத் தரையிலிருந்து மொட்டைமாடி பத்தடி. தொட்டி ஓர் அடித் திண்டில் இருக்கிறது, ஆக பதினொன்று. ஷவர் ஏழடியில் இருக்கிறது. மிச்சம் நான்கு அடி. தொட்டியில் நான்கு அடி தண்ணீர் நிறைந்திருந்தால் மொத்தம் எட்டு. காலையில் மோட்டார் போட்டதும் நன்றாக வந்த ஷவர், வீடே குளித்து முடித்த பிறகு சோர்ந்து போவது இதனால்தான். எட்டு அடி நான்கு அடியாகிவிடுகிறது. இனி ஷவர் பெட்டியைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) வேண்டும் என்று போட்டிருந்தால், அதற்குத் தண்ணீர் சுமார் 33 அடி உயரத்தில் நிற்க வேண்டும். நம்மிடம் இருப்பது எட்டு!

"பக்கெட் குழாயில் மட்டும் நன்றாகக் கொட்டுகிறதே?" என்பார்கள். அது ஷவரைவிட நான்கைந்து அடி கீழே இருக்கிறது. தவிர, அதற்கு ஒரே வாய். பெரிய ஷவரிலோ நூறு துளைக்கு மேல், இருக்கிற தண்ணீர் அத்தனைக்கும் பங்கு போக வேண்டும். இப்படிப்பட்ட வீட்டுக்குச் சின்ன முகமுள்ள ஷவரோ கை ஷவரோதான் என் சிபாரிசு. கடையில் காட்சிக்கு ஓடுவதைப் பார்த்து மயங்காதீர்கள், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பம்பு இருக்கும்.

தொட்டியை உயர்த்தலாமா? தாராளமாக. மாடிப்படி அறையின் கூரை மேல் வைத்தாலே ஏழெட்டு அடி கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன் எடை, தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: உயரத்தை நான்கு மடங்காக்கினால்தான் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்காகும்.

குழாய் அளவும் முக்கியம். அரை அங்குலக் குழாயின் வாய், ஓர் அங்குலக் குழாயின் வாயில் கால் பங்குதான். தொட்டியிலிருந்து ஓர் அங்குலமாவது இறங்கட்டும், குளியலறை வரை முக்கால், கடைசியில் மட்டும் அரை. குழாய் எங்காவது மேலேறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். தொட்டியை விட்டு இறங்கும் இடத்தில், தொட்டியின் நீர்மட்டத்தைத் தாண்டி நிற்கும்படி ஓர் ஏர் பைப் வைக்கச் சொல்லுங்கள்.

நேரம் முடிகிறது என்று உள்ளிருந்து சைகை வருகிறது. பம்பு பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், சரி, சுருக்கமாக. பிரஷர் பம்பை மாடித் தொட்டியின் வெளிக்குழாயில் மாட்டுங்கள், குடிநீர் வாரிய இணைப்பில் அல்ல, அது சட்டப்படி தவறு. தண்ணீர் ஓடுவதை உணர்ந்து இயங்கும் வகை, மெல்லிய ஓட்டத்தில் சில சமயம் இயங்காது. அழுத்தத்தை வைத்து இயங்கும் வகையையும் கடையில் கேட்டுப் பாருங்கள். கீசருக்குப் போகும் தண்ணீரும் அதே பம்பு வழியாகவே போகட்டும். இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீர், இரண்டையும் கலந்து தரும் மிக்சர் குழாய்க்குள் வெந்நீரை எதிர்த்துத் தள்ளிவிடும். கீசர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை அதன் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் பார்த்துவிட்டுப் பம்பு வாங்குங்கள். வணக்கம்.