சும்மா நிற்கும் பழைய பைக்குக்கு எந்த சார்ஜர்?

அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். "என்னிடம் மூன்று பழைய பைக்குகள் இருக்கின்றன. ஒன்று 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். இன்னொன்று 12 வோல்ட், தண்ணீர் ஊற்றும் பேட்டரி. மூன்றாவதில் சீல்டு பேட்டரி போட்டிருக்கிறேன். வருடத்தில் ஆறேழு மாதம் மூன்றுமே ஷெட்டில்தான் நிற்கின்றன. ஒவ்வொரு வருடமும் ஒரு பேட்டரியாவது செத்துப்போகிறது. மூன்றுக்கும் ஒரே சார்ஜர் போதுமா? எப்போதும் மாட்டியே வைக்கலாமா? எத்தனை ஆம்பியர் பார்த்து வாங்க வேண்டும்?"

சரி. ஆம்பியரைப் பற்றிக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் சார்ஜர் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். நான் உங்களை வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன்: பேட்டரி நிறைந்த பிறகு அந்த சார்ஜர் என்ன செய்கிறது? உங்கள் வண்டி ஆறு மாதம் நிற்கிறது என்றால், அதில் சார்ஜ் ஏறுகிற நேரம் அரை நாளோ ஒரு நாளோதான். மீதி நாளெல்லாம் நிறைந்த பேட்டரியைக் காப்பாற்றுகிற வேலை. நீங்கள் காசு கொடுப்பது அந்த வேலைக்கு.

பேட்டரி ஏன் சும்மா நிற்கும்போதே சாகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். லெட் ஆசிட் பேட்டரியில் சார்ஜ் இறங்கும்போது தகடுகளின் மேல் லெட் சல்பேட் படியும். அது புதிதாக இருக்கும்வரை சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். அப்படியே வாரக்கணக்கில் விட்டால் பெரிய படிகங்களாக இறுகிப்போகும், அப்புறம் எளிதில் கரையாது. சல்பேஷன் என்று சொல்வது இதைத்தான். எதையும் இணைக்காமல் தனியாக வைத்தாலும் பேட்டரி தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதனால் தகரக் கூரை ஷெட்டில் நிற்கும் பேட்டரி சீக்கிரம் போய்விடும். குளிர் பிரதேசத்தில் வேறு ஆபத்து. நிறைந்த பேட்டரி கடும் குளிரிலும் உறையாது, ஆனால் இறங்கிய பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். அது உறைந்து ஓடு வெடித்துவிடும்.

ஆக, பேட்டரி இறங்கவும் கூடாது, அதற்காக அளவுக்கு மேல் ஏற்றவும் கூடாது. இந்த இரண்டாவது பாதியில்தான் நான் ஒரு நல்ல பேட்டரியை இழந்தேன். ட்ரிக்கிள் சார்ஜர் என்று ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். அரை ஆம்பியர்தானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்று நாலு மாதம் மாட்டி வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது செல்களில் தண்ணீர் வற்றித் தகடுகள் பாதி வெளியே தெரிந்தன. ஆசிட் ஆவி பட்டு பேட்டரி தட்டில் பெயின்ட் உரிந்து, பக்கத்தில் இருந்த குரோம் எல்லாம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்திருந்தது. பேட்டரியை மாற்றிவிடலாம். அந்தக் காலத்துக் குரோமை எங்கே போய் வாங்குவது? அது இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தப் பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. அதற்கு நிறுத்தத் தெரியாது, அவ்வளவுதான். பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும். உங்களுக்குத் தேவை மெயின்டெய்னர் அல்லது ஃப்ளோட் சார்ஜர் என்று சொல்கிற வகை. அது 12 வோல்ட் பேட்டரியை முதலில் 14.4 வோல்ட் பக்கம் வரை ஏற்றும். உள்ளே போகிற கரன்ட் நன்றாகக் குறைந்ததும் 13.5-க்கும் 13.8-க்கும் நடுவில் இறங்கி நின்றுகொள்ளும். சில சார்ஜர்கள் முழுவதுமாக நிறுத்திவிட்டு, வோல்டேஜ் இறங்கும்போது மறுபடி தொடங்கும். இரண்டு விதமும் நல்லதுதான். 6 வோல்ட்டுக்கு எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்: ஏற்றும்போது 7.2, காப்பாற்றும்போது 6.8 பக்கம்.

ஸ்மார்ட், ஆட்டோமேட்டிக் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பி உட்கார வேண்டாம். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே சோதித்துவிடலாம். பேட்டரியை மாட்டுங்கள், பச்சை விளக்கு வரட்டும், அதன் பிறகு இன்னும் ஒரு நாள் விடுங்கள். சார்ஜர் இணைந்திருக்கும்போதே முனைகளில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியில் 13.2 முதல் 13.8 வரை காட்டினால் அது நம்பகமான பெட்டி. பச்சை எரிந்துகொண்டே 14.4, 14.6 என்று மணிக்கணக்கில் நின்றால், எந்தப் பெயர் போட்டிருந்தாலும் அதை மாதக்கணக்கில் மாட்டி வைக்காதீர்கள். ஏதாவது நாலு மணி நேரம் சார்ஜ் போட அது உதவும். எந்த சார்ஜர் வாங்கினாலும் முதல் வாரம் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஷெட்டைப் பூட்டாதீர்கள்.

இப்போது ஆம்பியர். பேட்டரியின் ஆம்பியர்-மணி எண்ணில், அதாவது அதன் கொள்ளளவைச் சொல்லும் எண்ணில், பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் சரியான கணக்கு. 12 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 1.2 ஆம்பியர். பழைய பைக்குகளில் பல பேட்டரிகள் அதைவிடவும் சின்னவை. அதில் 6 ஆம்பியர் கார் சார்ஜரை மாட்டினால் செல் கொதித்துவிடும். முக்கால் ஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியர் வரை இருக்கும் மெயின்டெய்னர் உங்கள் மூன்று வண்டிக்கும் போதும். நிற்கிற வண்டிக்கு என்ன அவசரம்?

6 வோல்ட் விஷயம்தான் இதில் கவனம் தேவைப்படுகிற இடம். 6, 12 இரண்டுக்கும் ஆகும் சார்ஜர்கள் கிடைக்கின்றன, ஆகவே ஒரே சார்ஜர் வாங்கலாம். ஆனால் எந்த வோல்ட் என்பதை நீங்கள் சுவிட்சால் தேர்வு செய்கிற மாதிரி வாங்குங்கள். சில சார்ஜர்கள் முனையில் இருக்கும் வோல்டேஜைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்ளும். நன்றாக இருக்கும் பேட்டரியில் அது சரியாகவே நடக்கும். ஆனால் அடியோடு இறங்கிப்போன 12 வோல்ட் பேட்டரி 6 அல்லது 7 வோல்ட்தான் காட்டும். சார்ஜர் அதை 6 வோல்ட் என்று எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கையும் போட்டுவிடும். நிறைந்துவிட்டது என்று நீங்கள் போய்விடுவீர்கள், உள்ளே சல்பேட் இறுகிக்கொண்டிருக்கும். சுவிட்ச் இருக்கிற சார்ஜரிலும் ஒரு பழக்கம் வேண்டும்: கிளிப்பை மாட்டும் முன் பேட்டரியில் எத்தனை செல் மூடி என்று எண்ணுங்கள். மூன்று என்றால் 6 வோல்ட், ஆறு என்றால் 12. வண்டியின் வயதை வைத்து ஊகிக்காதீர்கள். ட்ரையம்ப், பிஎஸ்ஏ போன்ற இங்கிலாந்து வண்டிகள் 1960-களின் நடுவில்தான் 12 வோல்ட்டுக்கு மாறத் தொடங்கின. அதற்கு முந்தைய வண்டியையும் யாராவது பின்னால் 12-க்கு மாற்றியிருக்கலாம்.

பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை ஃபிரேமோடு இணைந்த வண்டி என்றதும் பலர் பயப்படுகிறார்கள், கிளிப்பை மாற்றிப் போட வேண்டுமோ என்று. வேண்டாம். பேட்டரிக்கு ஃபிரேம் எந்தப் பக்கம் என்று தெரியாது. சிவப்பு கிளிப் பிளஸ் முனைக்கு, கறுப்பு மைனஸ் முனைக்கு, எந்த வண்டியானாலும் இதுதான். ஆனால் கறுப்பு கிளிப்பை ஃபிரேமில் மாட்டுங்கள் என்று கார் சார்ஜர் கையேட்டில் எழுதியிருப்பதை இங்கே செய்யவே கூடாது. பாசிட்டிவ் எர்த் வண்டியில் ஃபிரேம்தான் பிளஸ். இரண்டு கிளிப்பையும் நேராக பேட்டரி முனைகளிலேயே மாட்டுங்கள்.

இன்னும் நல்லது, பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துச் சார்ஜ் போடுவது. எர்த் வயரை முதலில் கழற்ற வேண்டும், உங்கள் பாசிட்டிவ் எர்த் வண்டியில் அது பிளஸ் வயர். அப்போதுதான் அடுத்த முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் பொறி பறக்காது. கழற்றச் சொல்ல எனக்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஆல்டர்னேட்டரின் ஏசி மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றுவது ரெக்டிஃபையர். பழைய செலினியம் ரெக்டிஃபையர் வயதாக ஆகப் பின்பக்கமாகக் கசியும். சாவியை எடுத்துவிட்ட பிறகும் பேட்டரியைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். உங்கள் வீட்டில் வருடா வருடம் ஒரே வண்டியின் பேட்டரிதான் போகிறது என்றால் முதலில் அதைத்தான் சந்தேகப்படுவேன். அடுத்தது ஜீனர் டையோடு. ஆல்டர்னேட்டர் வைத்த 12 வோல்ட் இங்கிலாந்து வண்டிகளில் வோல்டேஜ் ஏறாமல் தடுக்க அதைத்தான் வைத்தார்கள். அது 13.5 வோல்ட்டைத் தாண்டியதும் மெல்லக் கரன்ட்டை எர்த்துக்குத் திருப்பத் தொடங்கும். சில வண்டிகளில் அது பேட்டரியோடு நேராக இணைந்திருக்கும். அங்கே சார்ஜர் 14.4-க்குப் போக முயலும், டையோடு கீழே இழுக்கும், நாள் முழுக்க சிவப்பு விளக்கு மாறாது. சார்ஜர் கெட்டுப்போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், பாவம்.

மூன்றாவது வண்டியின் சீல்டு பேட்டரி பெரும்பாலும் ஏஜிஎம் வகையாக, அதாவது கண்ணாடி இழைப் பாய் ஆசிட்டை உறிஞ்சி வைத்திருக்கும் வகையாக இருக்கும். மேலே சொன்ன அதே சார்ஜர் அதற்கும் ஆகும். ஜெல் (ஆசிட் கூழாக இருக்கும் வகை) என்று எழுதியிருந்தால் மட்டும் சார்ஜரில் ஜெல் நிலை இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கு வோல்டேஜ் கொஞ்சம் குறைவாக வேண்டும். சீல்டு பேட்டரியில் தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வழியில்லை, ஆகவே அளவுக்கு மேல் சார்ஜ் ஆனால் அதற்குத்தான் சேதம் அதிகம். லித்தியம் பேட்டரி போடுகிற எண்ணம் இருந்தால் அதற்கென்று உள்ள தனி சார்ஜரை வாங்குங்கள். டீசல்ஃபேஷன் என்று, இறுகிய சல்பேட்டைக் கரைக்க உயர்ந்த வோல்டேஜில் துடிப்பு கொடுக்கும் சார்ஜரை லித்தியத்தில் மாட்டவே கூடாது. லெட் ஆசிட்டிலும், எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருக்கிற வண்டியில் பேட்டரியைக் கழற்றாமல் அந்தத் துடிப்பைக் கொடுக்காதீர்கள்.

எப்போதும் மாட்டியே வைக்கலாமா? சோதனையில் தேறிய மெயின்டெய்னர் என்றால் வைக்கலாம். நான் அப்படி வைப்பதில்லை. உங்களைப் போல மூன்று பேட்டரியும் ஒரு சார்ஜரும் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் என்று சுற்றில் விடுங்கள். முழுவதும் நிறைத்து எடுத்து வைத்த பேட்டரி இரண்டு வாரத்தில் கெட்டுவிடாது. இப்படிச் செய்தால் வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் பேட்டரியைக் கண்ணால் பார்க்கிறீர்கள், கையால் தொடுகிறீர்கள். சூடாக இருந்தாலோ, ஓடு உப்பியிருந்தாலோ அன்றைக்கே தெரிந்துவிடும். எடுத்து வைத்து ஒரு இரவு கழிந்த பிறகு அளந்தால் 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேலும், 6 வோல்ட் பேட்டரி 6.3-க்கு மேலும் இருக்க வேண்டும். சார்ஜரை எடுத்த உடனே அளந்தால் எல்லாமே நன்றாக இருப்பது போலத்தான் காட்டும். 12.4-க்கோ 6.2-க்கோ வந்துவிட்டால் அதன் முறைக்காகக் காத்திருக்காமல் உடனே சார்ஜ் போடுங்கள்.

மாட்டியே வைக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் சார்ஜர் விட்ட இடத்திலிருந்து தானே தொடருமா? பட்டன் அழுத்தித் தொடங்கும் சார்ஜர்கள் சிலவற்றில் மின்சாரம் ஒரு நிமிடம் போய் வந்தாலே அது அணைந்து, யாராவது வந்து பட்டனை அழுத்தும்வரை அப்படியே கிடக்கும். நீங்கள் சார்ஜ் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சார்ஜர் எதற்கு, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமே என்பார்கள். பழைய வண்டிகளுக்கு இது உதவாது. 60 வாட் டைனமோ ஐடிலிங்கில் கொடுப்பது மிகவும் கொஞ்சம், காயில் இக்னிஷன் அதையும் எடுத்துக்கொள்ளும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராமல் நிறுத்துவதால் உள்ளே ஈரம் தங்கி ஆயிலும் சைலன்சரும் கெடும். ஓட்டுவதானால் நன்றாக ஓட்டுங்கள், இல்லாவிட்டால் நிற்க விடுங்கள்.

தண்ணீர் ஊற்றும் இரண்டு பேட்டரிகளுக்கும் சார்ஜ் போடும் முன் தகடுகள் மூழ்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். மேல் கோடு வரை நிறைப்பது சார்ஜ் முடிந்த பிறகு. முன்னாலேயே நிறைத்தால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து ஆசிட் வெளியே வழியும். ஆசிட் ஊற்ற வேண்டாம், குறைந்திருப்பது தண்ணீர் மட்டும்தான். ஷெட்டின் ஜன்னல் திறந்திருக்கட்டும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். கிளிப்புகளை மாட்டிய பிறகு பிளக் சுவிட்சைப் போடுங்கள், எடுக்கும்போது சுவிட்சை அணைத்த பிறகு கிளிப்பைக் கழற்றுங்கள். பேட்டரியைத் திரும்ப வண்டியில் வைக்கும்போது அதன் ஆவி போகும் குழாயைச் செயினுக்கும் சைலன்சருக்கும் எட்டாமல் கீழே இறக்கிவிட மறக்காதீர்கள்.