பீட் வேறு, ரிதம் வேறு

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு டிரம்ஸ் குச்சியை எடுக்கப் போவதே இல்லை, தொடையும் வாயும் போதும்.

பாட்டு கேட்கும்போது கால் தானாகத் தட்டுகிறதே, அதுதான் பீட். அது சமமாக ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் எல்லாரும் வாசிப்பதை நிறுத்தினாலும் உள்ளுக்குள் நிற்காது. அதன் மேல் எந்த இடத்தில் அடிக்கிறோம், எதை விடுகிறோம் என்பது ரிதம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் ஒரு அடி தவறியதும் மொத்தமும் கவிழ்ந்துவிடும்.

மெட்ரோனோமில், அதாவது சீராக டிக் டிக் என்று வேகம் காட்டும் கருவியில் (போன் ஆப்பும் போதும்), 60 வையுங்கள். நிமிடத்துக்கு 60, அதாவது நொடிக்கு ஒரு பீட். 120 எல்லாம் அப்புறம். மெதுவாக வாசிப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள், இடைவெளி பெரிதாகும்போதுதான் கை அவசரப்படும்.

சரி, எண்ணுங்கள்: ஒன் அண்ட் டூ அண்ட் த்ரீ அண்ட் ஃபோர் அண்ட். வலது கை தொடையில் இந்த எட்டையும் தட்டட்டும், அது ஹை-ஹேட், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஜோடி சிம்பல். வலது கால் ஒன்றிலும் மூன்றிலும், அது கிக், காலால் அடிக்கும் பெரிய டிரம். இடது கை இரண்டிலும் நான்கிலும், அது ஸ்நேர், 'டப்' என்று கூர்மையாக ஒலிக்கும் டிரம், அந்த அடிக்குத்தான் பேக்பீட் என்று பெயர். ராக், பாப் பாடல்களில் எத்தனையோ இந்த ஒரே அமைப்பில்தான் ஓடுகின்றன.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். ஹை-ஹேட்டைத் தொடாதீர்கள், வேகத்தையும் தொடாதீர்கள். கிக்கை மட்டும் நான்கு எண்ணிலும் போட்டுப் பாருங்கள், உடனே டான்ஸ் பாட்டு வந்துவிடும். அடுத்து கிக்கை ஒன்றில் மட்டும் வைத்து, ஸ்நேரை மூன்றில் மட்டும் அடியுங்கள். மெட்ரோனோம் அதே 60-ல்தான் ஓடுகிறது, ஆனால் பாட்டு பாதி வேகத்துக்கு இறங்கியது போலக் கேட்கும்! ஹாஃப் டைம் என்பது இதுதான். பாட்டு வேகமா மெதுவா என்று காது முடிவு செய்வதில் ஸ்நேருக்கு அவ்வளவு பங்கு. (ரோல், ஃபில் போன்ற அலங்கார அடிகள் எல்லாம் எப்போது என்று கேட்பீர்கள், தெரியும். இது நிற்காமல் ஓடட்டும், பிறகு பார்க்கலாம்.)

கடைசியாக 3/4, 6/8 என்ற இரண்டு தாள அளவுகள். இரண்டிலும் ஒரு சுற்றுக்கு ஆறு சின்னத் தட்டுகள்தான், பிரிப்பதுதான் வேறு. தக தக தக என்று சொல்லி ஒவ்வொரு 'த'வையும் அழுத்தினால் 3/4, தகிட தகிட என்றால் 6/8. ஒன்றிலிருந்து மற்றதற்கு நிறுத்தாமல் மாறிப் பாருங்கள், தட்டின் வேகம் மாறக்கூடாது. மாறுகிறது என்றால் மெட்ரோனோமை இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.